கண்ணாடி அலமாரியில் எட்டு மாஸ்க்

யார் வீட்டுக்குப் போனாலும் நான் தண்ணீரை அண்ணாந்துதான் குடிப்பேன். இந்த ஸ்டேஷனில் நீங்கள் கொடுத்த டம்ளரிலும் அப்படித்தான் குடித்தேன், கவனித்திருப்பீர்கள் ஐயா. எச்சில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. இந்த ராமலட்சுமி நடத்தும் முதியோர் இல்லத்துத் தரையில் முகம் பார்க்கலாம் என்று கோவில்பட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் இல்லத்தில் எட்டுப் பேர். கரிசல் புழுதியும் தீப்பெட்டி ஆபீஸ் மருந்து நெடியும் தின்ற நெஞ்சுகள். லேசாகக் காற்றடித்தாலும் இழுப்பு வந்துவிடும். அதற்காக, மருந்தைப் புகையாக்கி மூச்சோடு உள்ளே இழுக்கவைக்கும் நெபுலைசர் மிஷின் வாங்கினேன். ஆளுக்கொரு மாஸ்க், குழாயோடு எட்டு செட்டும் வாங்கினேன். ஒவ்வொரு உறையிலும் பெயர் எழுதி, வாசலைப் பார்த்த கண்ணாடி அலமாரியில் அடுக்கினேன். சென்னையிலிருந்து வரும் பிள்ளைகள் பெற்றவளைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த அலமாரியைத்தான் பார்ப்பார்கள். முகம் தெளிந்துவிடும். நிம்மதியாக ரயிலேற அவர்களுக்கு அது போதும்.

ஆயுத பூஜைக்கு எட்டு உறைக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். பூஜையில் வைத்ததைப் பிரித்து எச்சில்படுத்த மனம் வரவில்லை. அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மிஷினோடு சும்மா வந்த மாஸ்க் ஒன்று இருந்தது. அதுதான் எட்டுப் பேரையும் சுற்றி வந்தது.

நர்ஸ் சத்யபிரியா நல்ல பெண்தான், ஆனால் வாய் ஓயாது.

"ஒருத்தர் சளி இன்னொருத்தர் நெஞ்சுக்குப் போயிரும்க்கா. ஆளுக்கொண்ணு வேணும். ஒவ்வொரு தடவையும் கழுவி, நல்லாக் காயவச்சு, மூடி வைக்கணும்" என்றாள்.

"மூடித்தானட்டி வச்சிருக்கேன்" என்று அலமாரியைக் காட்டினேன்.

துணியால் துடைத்து அடுத்தவருக்கு மாட்டச் சொன்னது நான்தான். வேலை முடிந்ததும் ஈரத்தோடு பையில் சுருட்டிப் போடச் சொன்னதும் நான்தான். வெளியே கிடந்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும்.

மார்கழியில் பூவனநாதன் அண்ணாச்சிக்குக் காய்ச்சலோடு நெஞ்சில் சளி கட்டியது. அவர் முகத்திலிருந்து எடுத்ததைப் பக்கத்துக் கட்டில் சுந்தரம்மாளுக்கு வைக்கப் போனோம்.

"ஏட்டி, ஊசவாடை அடிக்குது. இதை என் மூஞ்சில வைக்காத. எம்பேரு போட்டது அங்கன இருக்குல்லா" என்று கிழவி அலமாரிப் பக்கம் கையை நீட்டினாள்.

சத்யபிரியா சாவி கேட்டாள். மறுநாள் கிழவியின் மகன் வருவதாக இருந்தது. வரிசையில் ஓர் உறை குறைந்தால் நன்றாகவா இருக்கும்? கொடுக்கவில்லை. கிழவியின் இரண்டு கைகளையும் நான் பிடித்துக்கொண்டேன். சத்யபிரியா அழுதுகொண்டே மாட்டினாள்.

மகன் வந்தார், அலமாரியைப் பார்த்தார், திருப்தியாகப் போனார். பத்தாவது நாள் தாயைத் தூக்கிப்போகத் திரும்பி வந்தார். அதற்கு முந்தின நாளே பூவனநாதன் போய்ச் சேர்ந்திருந்தார். தை பிறப்பதற்குள் எதிர்க் கட்டில் சுப்புத்தாயும் போய்விட்டாள். மூன்று நெஞ்சிலும் அந்தக் குழாயிலும் ஒரே கிருமி என்று டாக்டர் எழுதியிருக்கிறார். எழுதட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் அலமாரியை நீங்களே திறந்து பார்த்தீர்கள். ஒரு தூசி இருந்ததா?

நேற்று எனக்கும் கொஞ்சம் இழுத்தது. உங்கள் ஆட்கள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கிருந்த நர்ஸ் ஒரு மாஸ்க்கைக் கொண்டுவந்தாள். யாருக்கும் வைக்காத புதுசை என் கண் முன்னால் பிரித்தால்தான் முகத்தைக் காட்டுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அடுத்தவர் எச்சிலை இழுத்து மூச்சுவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா, ஐயா?