சத்தம் போடாத கார்

பதுளைக் கோயிலில் அர்ச்சனையை முடித்துவிட்டு பசறை பஸ்ஸில் ஏறினேன். முருகன் புண்ணியத்தில் சீட்டு கிடைத்தது. முன் சீட்டில் ஒரு டாக்டரின் டிரைவரும் அவருடைய மச்சானும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"கார் சத்தம் போடாததால நான் சத்தம் போட வேண்டியிருக்கு மச்சான். வேலைய விட்டுறலாமான்னு கூட நெனச்சேன்," என்றார் டிரைவர்.

"புது ஹைபிரிட் காரு. கசக்குதாக்கும்?"

"எறக்கத்துல மூச்சே இல்லாம போகுது. மிதிச்சா பூனையாட்டம் பாயுது. தேயிலைக் கொழுந்து மூட்டையோட முன்னால போற பொம்பளைங்களுக்கு எப்படிக் கேக்கும்? ஒருநாள் வளைவுல ஒரு அக்காவ இடிக்கப் பாத்துச்சு."

"ஹார்ன் இல்லையா?"

"கிட்டத்துல அடிச்சா பதறிப்போயி பள்ளத்துல விழுந்துருவாங்க. அதான் வளைவுக்கு முன்னாடியே கண்ணாடிய எறக்கி 'அரோகரா'ங்கிறேன். அவங்களும் 'அரோகரா'ன்னு ஒதுங்கிக்கிறாங்க."

"காவடி வருதுன்னு நெனச்சிருப்பாங்க. டாக்டரு சிங்களவராச்சே, ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டாரு. வெவரத்தச் சொன்னேன், பின் கண்ணாடிய ஏத்திக்கிட்டாரு. வேலை போச்சுன்னுதான் நெனச்சேன். நேத்து ஒரு வளைவுல நான் மறந்துட்டேன். பின்னால கண்ணாடி எறங்குச்சு. அவரே 'அரோகரா'ன்னாரு."