தாழ் போடாத கதவு

வெளியே போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது கதவைத் திறப்பதைத்தான். சிரிக்காதீர்கள் மேடம். சிறையில் பல வருடம் இருந்தவனுக்குக் கதவு என்பது வேறு யாராவது திறந்துவிடுவது. விடுதலையான ஒருவர், கடைக்காரர் வந்து திறந்துவிடுவார் என்று ஒரு கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாராம். அது கண்ணாடிக் கதவு, தள்ளினால் போதும். இதற்காகத்தான் கைதிக்குக் கைதியே பாடம் எடுக்கும் இந்த வகுப்பை, நல அலுவலராக வந்ததும் என்னிடம் ஒப்படைத்தீர்கள். எனக்கு விடுதலை கிடையாது, அதனால் பாதியில் விட்டுவிட்டு ஓடமாட்டேன் என்று கேலிகூடச் செய்தீர்கள்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுப்பேன். கிளம்பும்போது யாரும் 'போயிட்டு வரேன்' என்று சொல்லக்கூடாது. வெளியே 'போறேன்' என்றால் அபசகுனம் என்பார்கள். இங்கே அதுதான் நல்ல சொல்.

தையல்காரனைப் பற்றித்தானே கேட்டீர்கள். அவன் மட்டும் அதில் தேறவே இல்லை. ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் 'போயிட்டு வரேண்ணே' என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு உள்ளூர இனிக்கும்.

நாங்கள் இருவரும் ஒரே அறை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஈரத்துணியோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன் அவன். என் சட்டையில் பொத்தான் போனால் கேட்காமலே தைத்துவைப்பான். என்னைப் பார்க்க வெளியிலிருந்து யாரும் வந்ததில்லை. அவனுக்கு ஒரு மகள் இருந்தாள், சின்னக் குழந்தையாக விட்டுவிட்டு வந்த மகள். போனில் பேசுவது வேறு, வீட்டில் சேர்த்துக்கொள்வது வேறு என்று மருகிக்கொண்டே இருந்தான். சிறை வாசலுக்கு வரவேண்டாம், தானே வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான்.

விடுதலை நெருங்கியபோது ஒருநாள் துணி மடித்துக்கொண்டே கேட்டான். "அண்ணே, கதவு சாத்தியிருந்தா என்ன பண்றது? தட்டலாமா?"

மற்றவர்களிடம், தட்டு, திறக்காவிட்டால் மறுபடியும் தட்டு என்றுதான் சொல்வேன். அவனிடம் சொன்னேன்: "தட்டாத. நீ வர்றது அவளுக்குத் தெரியும்ல. நீ வேணும்னா கதவு தொறந்திருக்கும். சாத்தியிருந்தா வேண்டாம்னு அர்த்தம். புள்ளையச் சங்கடப்படுத்தாத."

நிதானமாகத்தான் சொன்னேன். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். மனசு விட்டுப்போய் எங்காவது சின்னத் தப்பு ஒன்றைச் செய்துவிட்டு இங்கேயே வந்து சேருவான் என்பது என் நினைப்பு. அப்படித் திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். அவன் படுத்த இடத்தில் வேறு யாரையும் நான் படுக்கவிடவில்லை.

கிளம்பும்போது "போறேண்ணே" என்றான். முதல் தடவையாகச் சரியாகச் சொன்னான். எனக்கு அது பிடிக்கவில்லை.

போன வாரம் அவன் மகள் என்னைப் பார்க்க வந்தாள். அவனுடைய மூக்கு, அவனுடைய பேச்சு. அடுத்த வீட்டுக்காரர் பார்த்ததைச் சொன்னாள். பையைக் காலடியில் வைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கதவையே பார்த்தபடி ஒருவர் மத்தியானம் முழுக்க நின்றாராம். ஏதோ வசூலுக்கு வந்தவர் என்று அவர் நினைத்துக்கொண்டாராம். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். தண்டவாளத்தில் கிடந்தவனை அந்தப் பையை வைத்துத்தான் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

"தாழ்கூடப் போடல பெரியப்பா. நாய் உள்ள வருதுன்னு சும்மா சாத்தி வச்சிருந்தேன். அவருக்குன்னு சமைச்சு வச்சிட்டு உள்ளேயே காத்துக்கிட்டு இருந்தேன். ஏன் தட்டல? உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அழுதேன். அது நடிப்பு இல்லை மேடம், எனக்கு அவனை விட்டால் யாரும் இல்லை. ஆனால் அவனைக் கொன்றது நான்தான். அந்த வாசலில் அவன் கையைக் கட்டிப்போட்டது என் பாடம்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண்ணுக்கு மட்டும் இது தெரியவேண்டாம். கிளம்பும்போது "போயிட்டு வரேன் பெரியப்பா" என்றாள். மாதாமாதம் வருவாளாம். பாவம், இனிமேல் அவளுக்கும் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.