வுட்டாச்சு

ஒற்றுப்பிழை இல்லாத வாக்குமூலத்தை நீங்கள் இதுவரை வாங்கியிருக்க மாட்டீர்கள், ஆய்வாளர் ஐயா. இன்று வாங்கலாம்.

கள்ளக்குறிச்சியில் அய்யப்பன் நடத்தும் நிறுவனத்தில், மருந்தேற்றும் கருவிக்கு நிரல் எழுதுபவள் நான். நினைவகத்தைப் பங்கிடும் பகுதி என்னுடையது. அது கணினியிடம் ஒரே பெரிய துண்டாக இடம் வாங்கும். நிரலின் மற்றப் பகுதிகள் கேட்ட அளவில் நறுக்கிக் கொடுக்கும். திரும்பி வந்ததை அடுத்தவருக்குக் கொடுக்கும். அதில் பிழை இல்லை.

பிழை தேடும் மென்பொருளுக்கோ அந்தப் பெரிய துண்டு மட்டுமே தெரியும். உள்ளே எது யாருடையது என்பது தெரியாது. ஆகவே, ஒவ்வொரு துண்டு திரும்பும்போதும் 'இதை அடுத்தவருக்குக் கொடுக்கும்வரை எவரும் தொடக்கூடாது' என்று அதற்குச் சொல்ல வேண்டும். அவ்வரிகளை என் நிரலில் சேர்த்தவள் எழில்மதி. மருந்தளவுப் பகுதியை எழுதியவளும் அவளே. அவ்வரிகளுக்கு அவள் இட்ட பெயர் 'வுட்டாச்சு'.

'விட்டாயிற்று' என்று திருத்தச் சொன்னேன்.

"வுட்டாச்சுன்னா வுட்டாச்சு மேடம். கம்ப்யூட்டருக்கு இன்னா, சந்திப்பிழையா தெரியும்?"

"அதுக்குத் தெரியாதும்மா. மேடத்துக்குத் தெரியும்ல, ஃபெயிலாக்கிடுவாங்க," என்றார் அய்யப்பன்.

அறையே சிரித்தது. என் நிரலுக்குள் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மறுநாள் சோதனையை நான் ஓட்டினேன். மென்பொருள் உடனே காட்டிக்கொடுத்தது: எழில்மதியின் பகுதி, திருப்பிக் கொடுத்துவிட்ட துண்டிலேயே பழைய நோயாளியின் மருந்தளவை எழுதிக்கொண்டிருந்தது. அதற்குள் அவ்விடம் அடுத்த நோயாளிக்குப் போயிருக்கும்.

அவளை நான் அழைக்கவில்லை. 'வுட்டாச்சு' என்றிருந்த வரிகள் அனைத்தையும் நீக்கினேன். மீண்டும் ஓட்டினேன். மென்பொருள் வாய் திறக்கவில்லை.

"சுத்தமா கீதுங்களா மேடம்?" என்று கேட்டாள் எழில்மதி.

"இருக்கிறது," என்றேன்.

கருவி மருத்துவமனைக்குப் போனது. கல்வராயன் மலையிலிருந்து கால் முறிந்து அங்கே வந்த ஜெயம்மாளுக்கு, அதே கட்டிலில் முன்பு படுத்திருந்தவரின் அளவில் வலிமருந்து ஏறியது. மூச்சு நின்றது.

"அவங்க பொண்ணு வெளிய அழுதுக்கினு கெடக்குது. உங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்களா?" என்று கேட்டீர்கள். இருக்கிறது. பிழையான சொல்லை நீக்கியவளைக் கொலைகாரியைப் போலப் பார்க்கிறீர்களே என்ற கோபம் இருக்கிறது.

எழில்மதியை விட்டுவிடுங்கள். அவளுடையது வெறும் பிழை, யாருக்கும் நேரும். நீங்கள் எழுதியதை வாசித்தேன். மூன்றாம் வரியில் 'கவனக்குறைவால்' என்று இருக்கிறது. அடித்துவிட்டு 'அறிந்தே' என்று எழுதுங்கள்.

நான் ஒருபோதும் கவனக்குறைவாக இருந்ததில்லை.