அழைத்தேன், எடுக்கவில்லை

உச்சிப்பொழுது. ஆந்திராவில், பாலசமுத்திரத்திலிருந்து தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் போகிற சாலை... இரண்டு பக்கமும் மாந்தோப்பு. ஓர் ஆள் இல்லை. நாய்கூட நிழல் தேடிப் போய்விட்ட நேரம். பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார், ஜமீலா. கரண்ட் வருகிறபோது வரட்டும்.

இது நம் சுமித்ராவின் பெரியப்பா மகளுக்கு நடந்தது. இந்த அறையைக் காலி செய்வதற்கு முந்தின நாள் சுமித்ராவே சொன்னது. அந்தப் பெண்ணின் பெயர் அக்ஷயா. அம்மாவுக்குக் காரியம் முடிந்த மறுநாள், அந்த வெயிலில், சாலையோர ஏடிஎம்முக்குத் தனியாக நடந்து போனாள். பணம் எடுக்க இல்லை. அதன் வாசலில்தான் அம்மா விழுந்து செத்திருந்தாள். அந்த இடத்தைப் பார்க்காமல் திருப்பதிக்கு பஸ் ஏற மனசு வரவில்லை.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து நுழைந்தாள். ஏசி ஓடவில்லை... ஆனால் உள்ளே குளிர்ந்தது. பச்சை வேர்க்கடலை வாசம். செடியோடு பிடுங்கி, மண் உதறாமல் குவித்தால் வருமே, அது.

அப்புறம் பின்னால் அந்தச் சத்தம்.

சர்ர்... டிக். சர்ர்... டிக்.

வார் அறுந்த ரப்பர் செருப்பைக் கட்டுக்கம்பியால் முறுக்கிப் போட்டு நடந்தால், கம்பி முனை தரையில் இடிக்கும். அது யாருடைய நடை என்று அக்ஷயாவுக்குத் தெரியும். காலேஜில் படித்தபோது, வாசலில் அந்தச் சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று பயந்தவள் அவள்.

அவள் திரும்பவில்லை. ஏன் என்று சொன்னால்தான் மிச்சம் புரியும்.

அக்ஷயா வேலை பார்த்தது திருப்பதியில், கார்டு மோசடியைத் தடுக்கிற ஓர் ஆபீஸில். யாருடைய கார்டிலாவது வழக்கமில்லாத செலவு விழுந்தால் கம்ப்யூட்டர் அதைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும். இவர்கள் போன் போட்டு, நீங்கள் செய்ததுதானா என்று கேட்க வேண்டும். இல்லை என்று ஒரு சொல் வந்தால் போதும், கார்டை முடக்கிவிடலாம். பதில் வராவிட்டால் பணம் போய்விடும். தமிழ் பேசுகிறவர்கள் எல்லாம் அக்ஷயாவின் திரைக்குத்தான் வருவார்கள். நாள் முழுக்க அவர்களுக்கு ஒரே பாடம்: ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்.

அவள் அம்மா பொன்னியம்மா எல்லாரிடமும் சொல்லுவாள். கூலி வேலை செய்தே மகளைப் படிக்க வைத்தவளுக்கு எழுத்துத் தெரியாது. ஏடிஎம்மில் சலவைச் சட்டை போட்டு எவன் நின்றாலும் கார்டை நீட்டுவாள். எண்ணையும் வாய்விட்டுச் சொல்லுவாள். "ரெண்டாயிரத்து ரெண்டு. எம்பொண்ணு பொறந்த வருசம்." வேறு எந்த எண்ணும் அம்மா மனசில் நிற்காது என்று அதை வைத்துக் கொடுத்ததே அக்ஷயாதான். வீட்டின் முதல் பட்டதாரி. மோசடியைத் தடுக்கிறவள்.

ஒரு சனிக்கிழமை காலை. திருச்சானூர் ஏடிஎம் வரிசையில் ஆபீஸ் ஆட்களோடு அக்ஷயா நின்றிருந்தாள். ஷேர் ஆட்டோவிலிருந்து அம்மா இறங்கினாள். இடுப்பில் மகளுக்கென்று வேர்க்கடலை மூட்டை, புடவையெல்லாம் மண், காலில் அந்தச் செருப்பு. பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். யார் அது என்று கூட வேலை பார்க்கிற கிரண்குமார் கேட்டான்.

"எவரோ... தெலீது" என்றாள் அக்ஷயா. யாரோ, தெரியாது.

பொன்னியம்மாவுக்குத் தெலுங்கு நன்றாகப் புரியும். ஆயுசு முழுக்கத் தெலுங்கில் ஏச்சு வாங்கிக்கொண்டு களை பிடுங்கியவள். அவள் அழவில்லை. மகளைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. முன்பின் தெரியாத பெண்ணிடம் கேட்பதுபோலக் கார்டை நீட்டினாள்.

"கொஞ்சம் எடுத்துக் குடும்மா. ரெண்டாயிரத்து ரெண்டு." அதற்கு மேல் வழக்கமாகச் சொல்வதை விழுங்கிவிட்டாள்.

நமக்குச் சோறு போடுவதே இப்படி நம்பரைச் சொல்கிற இவர்கள்தான் என்று கிரண்குமார் சிரித்தான். அக்ஷயாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, ஆபீஸ் குரலில், நம்பரை யாரிடமும் சொல்லக் கூடாதும்மா என்று புத்தி சொல்லி நகர்ந்தாள். பின்னால் நின்ற ஒரு சலவைச் சட்டைக்காரன் நல்லவன்போல முன்னே வந்தான். கேட்ட பணத்தை எடுத்துக் கொடுத்தான். திருப்பிக் கொடுத்த கார்டு மட்டும் வேறு யாருடையதோ. அதே வங்கி, அதே நிறம். பெயரைப் படிக்கத் தெரிந்தால்தானே?

சாயங்காலம் அக்ஷயாவின் திரையில் அந்தப் பெயர் வந்து நின்றது. பொன்னியம்மா. வேலூரில் ஒரு நகைக்கடை, கணக்கில் இருந்த மொத்தமும். நகைக்கடைப் படி மிதித்தறியாதவள் அவள் அம்மா. கூப்பிட்டு ஒரு சொல் வாங்கினால் முடிந்தது. ஆனால் எல்லாப் பேச்சும் பதிவாகும். மேலாளர் ஹரிபாபு அவற்றைக் கூடத்தில் எல்லாருக்கும் போட்டுக் காட்டுவார். போனை எடுத்ததும் அம்மா பாப்பா என்பாள். பக்கத்து நாற்காலியில் கிரண்குமார்.

'அழைத்தேன், எடுக்கவில்லை' என்று பதிந்துவிட்டு அக்ஷயா அடுத்த பெயருக்குப் போனாள்.

மறுநாள் ஊர் ஏடிஎம்மில் அந்தக் கார்டு வேலை செய்யவில்லை. போகிற வருகிற எல்லாரிடமும் நீட்டிக்கொண்டு பொன்னியம்மா வெயிலில் நின்றிருக்கிறாள். மகளுக்கு போன் போட்டிருக்கலாம். தெரியாது என்று சொன்னவளை எப்படிக் கூப்பிடுவது? உச்சிப்பொழுதில் விழுந்தாள்.

இப்போது அதே உச்சி. அதே அறை. சர்ர்... டிக். முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. தோளுக்கு மேலே ஒரு கை நீண்டது. நகக்கண்ணில் செம்மண். விரலிடுக்கில் கார்டு.

"கொஞ்சம் எடுத்துக் குடும்மா."

அக்ஷயா திரும்பாமலே சொன்னாள். "அம்மா... நான்தாம்மா. பாப்பா."

கை பின்னுக்குப் போனது. அப்புறம் காதருகில், மெதுவாக:

"நீ யாரோம்மா... எனக்குத் தெரியாது."

அந்தக் குரலில் கோபம் துளி இல்லை. அன்றைக்கு மாதிரியே, காட்டிக்கொடுக்காத குரல்.

திரும்பினாள். ஷட்டர், வெயில், காலி ரோடு.

அடுத்த நாள் ஆபீஸுக்குப் போய், கிரண்குமாரும் மற்றவர்களும் இருக்கும்போதே, ஹரிபாபுவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அது என் அம்மா. நான் அழைக்கவே இல்லை. பொய்யாகப் பதிந்தேன். ஹரிபாபு அந்தச் சனிக்கிழமைப் பதிவைத் தேடினார். தேடிவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தார். அழைப்பு போயிருக்கிறது, அந்தப் பக்கம் எடுத்துப் பேசியும் இருக்கிறார்கள், எனக்குத் தமிழ் வராது, நீயே கேள் என்று ஹெட்போனை நீட்டினார்.

மணி அடிக்கிற சத்தம். எடுக்கிற சத்தம். இந்தப் பக்கம் மூச்சுகூட இல்லை. அந்தப் பக்கம்... சர்ர்... டிக். யாரையோ விட்டு ஒதுங்கிப் போகிறது. நின்றது. அப்புறம், வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற குரல்:

"பாப்பா... நான் தனியாத்தான் நின்னுக்கினு கீறேன். பக்கத்துல யாரும் இல்ல. இப்பப் பேசு."