ஆரஞ்சு சைக்கிளுக்கு வந்த விலை

லீஸ்பெத்: ...ஓ, அதுக்குத்தான் இத்தனை பன்னா?

வானெஸ்: எத்தனை? ஞாயித்துக்கிழமை வழக்கமா வாங்குறதுதானே.

லீஸ்பெத்: வழக்கமா நாலு வாங்குவ. இதுல பத்து இருக்கு. கஸ்டர்ட் வச்சது, திராட்சை போட்டது, சாக்லேட் போட்டது... பேக்கரியவே காலி பண்ணிட்டு வந்திருக்க.

வானெஸ்: மனசு சரியில்ல லீஸ். அவ்ளோதான்.

லீஸ்பெத்: ஒரு சைக்கிள் கைநழுவிப் போச்சுன்னு மூணு நாளா துக்கமா? பொண்டாட்டி ஓடிப்போனாக்கூட ஒரு நாள்ல தேறிருவ போல.

வானெஸ்: ஒரு சைக்கிளா? ஹீர்ப்ரான்ட் அது! அந்த மனுசன் தன் கையால கட்டின...

லீஸ்பெத்: ...முன்னூறு வண்டியில ஆரஞ்சு பெயின்ட் அடிச்சது இருபதுகூட இல்ல. தெரியும்டா. கென்ட்ல இருக்குற விளக்குக் கம்பத்துக்கெல்லாம் தெரியும்.

வானெஸ்: பன்னெண்டு.

லீஸ்பெத்: பன்னெண்டு. மன்னிச்சுக்கோங்க சார். காபி ஊத்தவா?

வானெஸ்: ஊத்து... என் முதல் வண்டிய என்ன விலைக்கு வாங்கினேன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?

லீஸ்பெத்: ஒரு பெட்டி பீரு.

வானெஸ்: ஒரு பெட்டி பீரு! அதுலயும் நாலு பாட்டில அந்த விவசாயி எனக்கே திறந்து குடுத்தாரு. "கொண்டு போய்த் தொலைப்பா, கோழியெல்லாம் அதுமேல ஏறி அசிங்கம் பண்ணுது"ன்னாரு. இப்ப அதே கொட்டகைக்குப் போய்ப் பாரு. கோழி எச்சத்தோட போட்டோ புடிச்சு, "துடைக்காத அசல் நிலை"ன்னு போட்டு, எண்ணூறு யூரோ கேப்பாங்க.

லீஸ்பெத்: எச்சத்துக்குத் தனி விலையா, சேத்தா?

வானெஸ்: சிரிக்காத. அந்த விவசாயியோட பேரன் போன எடுத்து ஒரு தட்டு தட்டுறான், உலகத்து விலையெல்லாம் வந்து நிக்குது. துரு புடிச்ச எதைப் பாத்தாலும் "வின்டேஜ்"ங்குறான். போன மாசம் பிரேக் ரப்பர்... வெறும் ரப்பர், லீஸ், காஞ்சு கல்லாப் போன ரப்பர்... ஜோடி நூத்திருபது போச்சு.

லீஸ்பெத்: நீயா வாங்கின?

வானெஸ்: இல்ல. ஜப்பான்ல எவனோ.

லீஸ்பெத்: அப்ப நூத்திபத்து வரைக்கும் நீ போயிருக்க.

வானெஸ்: ...நூத்திபதினஞ்சு.

லீஸ்பெத்: தெய்வமே.

வானெஸ்: நான் என்ன பண்றது? ஆசப்பட்டவன் ஓட்டுறதுக்கு வாங்கின காலம் போச்சு. இப்ப காபிக்கடைக்காரன் வாங்கி, சுவத்துல மாட்டி, கூடையில செடி வைக்கிறான். பல் டாக்டரு வாங்கி வரவேற்பு அறையில நிறுத்துறான். இவங்களையாவது சகிச்சுக்கலாம். ஆன்ட்வெர்ப்ல இருக்கானே ஒருத்தன்...

லீஸ்பெத்: உங்க கசாப்புக்காரன்.

வானெஸ்: ஆமா, கசாப்புக்காரன்தான்! முழு வண்டியா வாங்குறான். அன்னிக்கு சாயங்காலமே கியர் தனியா, சக்கரம் தனியா, சீட்டு தனியான்னு பிரிச்சு மேஞ்சிடுறான். பாகம் பாகமா வித்தா முழுசா விக்கிறதைவிட ரெண்டு பங்கு வருதாம். அம்பது வருசம் ஒண்ணா இருந்த சாமான், லீஸ். ஒரு போல்ட்டுகூட மாத்தாம... வெறும் சட்டத்தக் கடைசியில காபிக்கடைக்குத் தள்ளிவிட்டுர்றான்.

லீஸ்பெத்: சரி சரி, மூச்சு விடு. அந்த ஆரஞ்சு கடைசியா எவ்ளோக்குப் போச்சு?

வானெஸ்: என்னது?

லீஸ்பெத்: வியாழக்கிழமை ஆன்லைன் ஏலம்தான். என்ன விலைக்குப் போச்சு?

வானெஸ்: தெரியல. நான் பாதியில வெளிய வந்துட்டேன்.

லீஸ்பெத்: எண்ணூறோடயா?

வானெஸ்: எண்ணூறோட. உன்கிட்ட சொன்ன மாதிரியே.

லீஸ்பெத்: அப்புறம் என்ன ஆச்சுன்னுகூட எட்டிப் பாக்கல? நீ?

வானெஸ்: என்ன, போலீஸ் விசாரணையா?

லீஸ்பெத்: சும்மா கேட்டேன். ஜப்பான் ரப்பரோட விலை தெரிஞ்ச ஆளாச்சேன்னு கேட்டேன்.

வானெஸ்: ...காபி ஆறிப்போச்சு.

லீஸ்பெத்: இப்பதான ஊத்தினேன்.

வானெஸ்: லீஸ், அந்த வீட்டுக்காரர்... நாம வாங்கப் போற லெடெபெர்க் வீட்டுக்காரர். நல்ல மனுசன்தானே?

லீஸ்பெத்: நல்லவர்தான். ஏன்?

வானெஸ்: வர்ற வியாழக்கிழமைக்குப் பதிலா ரெண்டு வாரம் கழிச்சு முன்பணம் கட்டுறோம்னு சொன்னா...

லீஸ்பெத்: ஏற்கனவே ஒரு தடவ தள்ளிப் போட்டாச்சு. "இதான் கடைசி"ன்னு நோட்டரி முன்னாடியே சொன்னாரே, காதுல விழலையா? பிரஸ்ஸல்ஸ்ல இருந்து ஒரு ஜோடி வந்து தினமும் வாசல்ல நிக்குது. நாம கட்டலைன்னா மறுநாளே அவங்களுக்குத்தான்.

வானெஸ்: இல்ல, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

லீஸ்பெத்: இந்த ஃப்ளாட்டையும் காலி பண்றோம்னு எழுதிக் குடுத்தாச்சு. கோடை முடியும்போது வேற ஆளுங்க குடி வர்றாங்க. உங்கம்மா அவங்க சேமிப்பத் தொடைச்சுக் குடுத்தாங்க. நான் என் காரை வித்துர்றதுன்னு பேசி முடிச்சிட்டேன். இதுக்குமேல பேச்சுக்குச் சொல்ல என்ன இருக்கு?

வானெஸ்: அந்த வீட்டப் பாக்கப் போனப்ப முதல்ல பின்னாடி கொட்டகையப் பாத்து ஓடினது யாரு? நான்தானே. எனக்கு ஆசை இல்லாமயா...

லீஸ்பெத்: ஓடின. பன்னெண்டு சைக்கிளையும் எங்கெங்க மாட்டலாம்னு அளந்த. நான் ஜன்னல் பக்கம் நின்னேன். சமையலறையில காலைல வெயில் விழும். படுத்தா தலைக்கு மேல சைக்கிள் செயின் தொங்காத ஒரு அறை கிடைக்கும். எனக்கு அது போதும்னு நின்னேன்.

வானெஸ்: பதினொண்ணு.

லீஸ்பெத்: என்ன?

வானெஸ்: நம்மகிட்ட பதினொரு சைக்கிள்தான் இருக்கு. நீ பன்னெண்டுன்ன.

லீஸ்பெத்: ஓ... பன்னெண்டுன்னா சொன்னேன்?

வானெஸ்: ஆமா.

லீஸ்பெத்: வாய் தவறிருச்சு. வானெஸ்... கணக்குல இப்ப எவ்ளோ இருக்கு?

வானெஸ்: நம்ம கூட்டுக் கணக்குதானே. நீயே பாத்துக்கலாமே.

லீஸ்பெத்: பாக்கலாம். நீ உன் வாயால சொல்லணும். பன் திங்குறத நிறுத்து. சொல்லு.

வானெஸ்: நான் ஏலத்துல தோக்கல.

லீஸ்பெத்: ம்.

வானெஸ்: வண்டி கீழ நிலவறையில இருக்கு. பழைய கம்பளிக்குக் கீழ. வெள்ளிக்கிழமை போய் எடுத்துட்டு வந்தேன்.

லீஸ்பெத்: ம்.

வானெஸ்: ஆறாயிரத்து எண்ணூறு. கமிஷன் தனி. திட்டு. ஏதாவது தூக்கி எறி. அந்தக் காபிக் கெண்டிய எடு. ஏன் இப்படி உக்காந்திருக்க?

லீஸ்பெத்: எண்ணூறுன்னியேடா. என் முகத்தப் பாத்து, "எண்ணூறு, அதுக்குமேல ஒரு சென்ட்கூட இல்ல"ன்னு சொன்னியே.

வானெஸ்: எண்ணூறுதான் இருந்துச்சு என் மனசுல! சத்தியமா! அதுக்குமேல அது பெறாது லீஸ். எல்லாரும் எழுநூறுலயே கழண்டுட்டாங்க. நான் எண்ணூறு வச்சேன். முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அப்ப வந்தான் ஒருத்தன்.

லீஸ்பெத்: யாரு?

வானெஸ்: பேரு காட்ட மாட்டாங்க. வெறும் நம்பர்தான். முப்பத்தொண்ணு. அதுவரைக்கும் வாயத் திறக்காதவன், நான் எண்ணூறத் தொட்டதும் டக்குன்னு வந்து நிக்குறான். நான் அம்பது வச்சா அவன் நூறு. நான் நூறு வச்சா அவனும் நூறு. யோசிக்கிறதே இல்ல. பாசத்துல வாங்குறவன் அப்படி வைக்க மாட்டான். நிறுத்துவான், தயங்குவான். இவன் கல்லு மாதிரி வைக்கிறான்.

லீஸ்பெத்: கல்லு மாதிரி.

வானெஸ்: அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. இது ஆன்ட்வெர்ப்காரன்தான். சனிக்கிழமைக்குள்ள வெட்டிக் கூறு போட்டுருவான். பன்னெண்டுல ஒண்ணு, லீஸ்... அசல் பெயின்ட்டு, ஹீர்ப்ரான்ட் கையால எழுதின பேரு... என் கண்ணு முன்னாடி அறுக்கப் போறான். நான் பாத்துட்டு இருக்கணுமா? ரெண்டாயிரத்துல விட்டுருக்கணும். மூவாயிரத்துலயாவது விட்டுருக்கணும். ஒவ்வொரு தடவையும், இதோட அவன் விட்டுருவான்னே நினைச்சேன்.

லீஸ்பெத்: அவனும் அப்படித்தான் நினைச்சிருப்பான்.

வானெஸ்: அவன் ஏன் நினைக்கிறான்? அவனுக்கு அது வியாபாரம்.

லீஸ்பெத்: திருப்பிக் குடுத்துரு. தெரியாம எடுத்துட்டேன்னு சொல்லு.

வானெஸ்: கேட்டுட்டேன். எடுத்தது எடுத்ததுதானாம். பணமும் அப்பவே போயிருச்சு.

லீஸ்பெத்: வேற யாருக்காவது வித்துரு.

வானெஸ்: மூணு பேர்கிட்ட கேட்டேன். ரெண்டு பேர் சிரிச்சாங்க. மூணாவது ஆளு எண்ணூத்தம்பது தர்றேன்னான். அதுவும் என் குரலக் கேட்டுப் பாவம் பாத்து.

லீஸ்பெத்: உங்கம்மாகிட்ட என்ன சொல்லப் போற?

வானெஸ்: இரு. அழாத. அழாத லீஸ், இரு. நான் இன்னும் முடிக்கல. ஒரு வழி இருக்கு. அதச் சொல்லத்தான் காலைல இருந்து வாய் வராம பன் பன்னா தின்னுக்கிட்டிருக்கேன்.

லீஸ்பெத்: என்ன வழி?

வானெஸ்: யோசிச்சுப் பாரு. சந்தையில அதோட விலை எண்ணூறு. ஆனா ஆறாயிரத்து எழுநூறு குடுக்கத் தயாரா ஒருத்தன் இருக்கான் இல்ல? எழுத்துல வச்சிருக்கான்! உலகத்துலயே அந்த வண்டிக்கு அந்த விலை குடுக்க ரெண்டே பேரு. ஒருத்தன் நான், முட்டாப்பய. இன்னொருத்தன் அவன்.

லீஸ்பெத்: முப்பத்தொண்ணு.

வானெஸ்: முப்பத்தொண்ணு! அவனுக்கே குடுத்துர்றேன். ஏலக்காரங்க மூலமா சேதி அனுப்பலாம். பேரு சொல்ல மாட்டாங்க, ஆனா சேதியக் கொண்டு சேப்பாங்க. வெள்ளிக்கிழமையே எழுதிட்டேன். "நீங்க கடைசியா வச்ச விலைக்கே தர்றேன், நானே வண்டியில ஏத்திக் கொண்டுவந்து தர்றேன்"னு. நமக்கு நூறு யூரோவும் கமிஷனும்தான் நட்டம். என் வண்டியில ரெண்ட வித்து அதை அடைச்சுருவேன். புதன்கிழமை பணம் வந்துரும், வியாழக்கிழமை நோட்டரி. வீடு எங்கயும் போகல. உன் ஜன்னல் எங்கயும் போகல.

லீஸ்பெத்: அவன் வெட்டிருவானே. உன் ஆரஞ்ச.

வானெஸ்: வெட்டட்டும்.

லீஸ்பெத்: வானெஸ்...

வானெஸ்: வெட்டட்டும் லீஸ்! துண்டு துண்டா வெட்டட்டும், எனக்கு என்ன? வேணும்னா ரம்பத்த நானே எடுத்துக் குடுக்குறேன். எனக்கு அந்த வீடு போதும். இனிமே ஒரு பெடல்கூட வாங்க மாட்டேன். கீழ போய்ப் பாக்கக்கூட இல்ல தெரியுமா, கொண்டாந்து வச்சதுல இருந்து? கம்பளியத் தூக்கவே இல்ல. பாத்தா வாந்தி வருது.

லீஸ்பெத்: பதில் வந்துச்சா?

வானெஸ்: வரும். அவன் சேதியப் படிச்சுட்டான், ஏலத் தளத்துல காட்டுது. உடனே படிச்சுட்டான். யோசிக்கிறான் போல. வியாபாரி இல்லையா, கொஞ்சம் இழுத்தடிச்சு இன்னும் இறக்கப் பாப்பான். இறக்கட்டும்.

லீஸ்பெத்: அவனால வாங்க முடியலைன்னா?

வானெஸ்: முடியாதவன் எதுக்கு ஆறாயிரத்து எழுநூறு வைக்கிறான்? பைத்தியமா?

லீஸ்பெத்: அவன்கிட்டப் பணமே இல்லாம இருந்தா? சும்மா ஏத்திவிட மட்டும் வச்சிருந்தா?

வானெஸ்: எவன் அப்படி வைப்பான்? நான் விட்டிருந்தா அவன் தலையில விழுந்திருக்குமே!

லீஸ்பெத்: அந்த பயத்துலதான் கடைசியில நிறுத்திருப்பான்.

வானெஸ்: ஏன் இப்படி அபசகுனமாப் பேசுற? நீ பயந்துட்ட, அதான். புரியுது. இங்க பாரு, என்னப் பாரு. பதில் வரும். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, எவனும் வியாபாரம் பேச மாட்டான். நாளைக்கு வரும்.

லீஸ்பெத்: நேத்து ஐநூறு குறைச்சுக்கிறேன்னு எழுதினியே. அதுக்கே பதில் வரலையே.

வானெஸ்: ஆமா, அது நேத்து ராத்திரிதானே... ஐநூறு குறைச்சத நான் உன்கிட்ட சொல்லவே இல்லையே. லீஸ்? உனக்கு எப்படித் தெரியும்?

லீஸ்பெத்: ஏலத்தன்னிக்கு வெளிய போறேன்னு கிளம்பினேன்ல, நான் எங்கயும் போகல. கீழ தெருவுல, கார்ல போனும் கையுமா உக்காந்திருந்தேன். மேல ஜன்னல்ல உன் தலை தெரிஞ்சுது. எண்ணூறத் தாண்டினா விட்டுருவேன்னு சொன்னியே... அதான் தாண்டி வச்சேன். நீ விடல. இன்னொண்ணு வச்சா விட்டுருவன்னு நினைச்சேன். அப்புறம் இன்னொண்ணு... முப்பத்தொண்ணு நான்தான்டா.