ஆள் நிறுத்திவிட்டுப் போனவர்

இரவு பதினொன்றே கால்.

ஊரைத் தாண்டிப் போகிற அகலமான சாலை. இரண்டு பக்கமும் விளக்குக் கம்பங்கள். ஒன்றுகூட எரியவில்லை. ஒரே ஒரு பைக், லிஃப்ட் ரிப்பேர்காரருடையது, போய்க்கொண்டிருந்தது. பின்சீட்டில் ஆள் இல்லை... அதுதான் முதல் தப்பு.

லிஃப்ட் வேலைக்குத் தனியாகப் போகக் கூடாது. ஒருவர் லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கிற குழிக்குள் இறங்கினால் இன்னொருவர் கதவில் நிற்க வேண்டும். ஒரு கால் கதவுக்கு நடுவே, ஒரு கை கதவின் விளிம்பில். இறங்கியவர் ஏறி வரும்வரை அசையக் கூடாது. போன் அடித்தாலும், தும்மல் வந்தாலும். லிஃப்ட்காரரின் கூட்டாளி அப்படித்தான் நிற்பான். அதனாலேயே அவனைத் ‘தூண்’ என்று கூப்பிட்டார்கள். அன்றைக்குத் தூணுக்குக் காய்ச்சல்.

இதைச் சொன்னது தையல்கார அக்கா. கரண்ட் போய், மூன்றாம் மாடிப் படிக்கட்டில் எல்லோரும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சொன்னாள். லிஃப்ட்காரர் அவளுடைய ஓரகத்திக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

“அக்கா, பேய் வருமா வராதான்னு இப்பவே சொல்லிடுங்க” என்றார் முதல் மாடி பேங்க்காரர். “நான் ரெண்டு மாடி தனியா இறங்கணும்.”

“அவரு ஒரு தடவைகூட பேய்னு சொன்னதில்ல. ‘அந்த ஆளு’ன்னுதான் சொல்லுவாரு. சொல்லும்போது தலையைக் குனிஞ்சுக்குவாரு.”

அக்கா மேலே சொல்ல ஆரம்பித்தாள்.

கட்டடம் ஒன்பது மாடி. எல்லாம் அலுவலகங்கள். அந்நேரத்தில் ஒரு ஈ, காக்கை இல்லை. வாட்ச்மேன் மட்டும் வாசலில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“லிஃப்ட் தானா ஏறுது, தானா இறங்குது சார். உள்ள ஆளே இல்ல.”

“எலி ஒயரைக் கடிச்சிருக்கும்.”

“எலி பட்டனையும் அமுக்குமா சார்?”

லிஃப்ட்காரர் சிரித்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். கதவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி வாட்ச்மேனைக் கூப்பிட்டிருக்கலாம். டீ ஆறிவிடும் என்று விட்டுவிட்டார்.

கதவு மூடியது. அவர் எதையும் அமுக்கவில்லை. லிஃப்ட் இறங்க ஆரம்பித்தது.

அந்தக் கட்டடத்துக்குக் கீழ்த்தளம் கிடையாது.

வடம் முறுக்கிக்கொள்ளும் சத்தம். கிர்ர்... கிர்ர்... நிறுத்து பட்டனை அமுக்கினார். இறங்கியது. அபாய மணியை அடித்தார். மணி எங்கேயோ தலைக்கு மேலே, ரொம்ப தூரத்தில் கேட்டது. காது அடைத்தது. பிறகு வாசனை வந்தது. கருகின திரி. எண்ணெய்ச் சிக்கு. ஈரச் சுண்ணாம்பு.

நின்றது. கதவு திறந்தது.

எதிரே ஒரு ஏணி. உச்சியில் ஒருவர் எண்ணெய்ச் செம்போடு நின்று விளக்குக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். வெறும் சுவரில் கதவு திறந்ததைப் பார்த்தார். ஆடிப்போனார். ஏணி சறுக்கியது.

லிஃப்ட்காரர் யோசிக்கவில்லை. பாய்ந்து ஒரு காலை முட்டுக் கொடுத்தார், இரண்டு கையாலும் பிடித்தார். பழக்கம். எண்ணெய் அவருடைய வலது தோளில் கொட்டியது.

விளக்குக்காரர் இறங்கி வந்தார். நாற்பது வயது இருக்கும். காது இரண்டும் பெரிதாக, விறைத்து நிற்கும்.

“விழுந்திருந்தா எலும்பைக் கூட்டித்தான் அள்ளியிருப்பாங்க ஐயா” என்றார். “நீங்க யாரோ, என்னமோ. நல்லா இருங்க.”

(“அந்தக் காலத்துப் பேச்சு இப்படியா இருந்துச்சு?” என்று யாரோ கேட்டார்கள். “பாதி புரிஞ்சுதாம், பாதி புரியலையாம். நான் நம்ம பேச்சுலதானே சொல்ல முடியும்?” என்றாள் அக்கா.)

அதற்குள் ஈட்டிகள் வந்துவிட்டன.

அவரை அரண்மனைத் தாழ்வாரம் வழியாக நடத்திக்கொண்டு போனார்கள். இரண்டு பக்கமும் தூண்கள். தொழில் கண்ணால் பார்த்துக்கொண்டே போனார். அவை எதையும் தாங்கவில்லை. கூரையைத் தொடாமல், ஆள் உயரத்தில் நின்றுவிட்ட தூண்கள். ஒவ்வொன்றும் ஒரு வாசலை ஒட்டி. கட்டத் தெரியாதவன் கட்டியது என்று நினைத்துக்கொண்டார்.

சபை பெரிதாக இருந்தது. ஆனால் நடுவில் ஒருவரும் இல்லை. அத்தனை பேரும் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவருக்கு ஒருவர் முதுகைக் காட்டவில்லை. எல்லோருடைய கைகளும் தோள்வரை வெறுமையாக இருந்தன. துணிக்குள் எதையும் ஒளிக்க முடியாது. ரகசியம் பேச அங்கே தடை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதைக்கூடக் கத்தித்தான் பேசினார்கள்.

ராஜா ஒல்லி. சின்ன வயசு. தூங்கிப் பல நாளான கண்கள்.

“எந்த ராஜா அக்கா?” என்றார் பேங்க்காரர்.

“லிஃப்ட்காரருக்கே தெரியாது. பள்ளிக்கூடத்துல சரித்திர வகுப்புல தூங்கினவரு.”

அவர் பையைக் கவிழ்த்தார்கள். ஸ்பேனர், டெஸ்டர், இன்சுலேஷன் டேப். போன் கீழே விழுந்து வெளிச்சம் வந்தது. சபை முழுவதும் சுவரோடு இன்னும் ஒட்டியது. ராஜா மட்டும் இறங்கி வந்தார். குனிந்து பார்த்தார். தொடவில்லை.

“எங்கேருந்து வர்ற?”

“உங்களுக்கு... ரொம்பப் பின்னால வர்ற காலத்துலேருந்து” என்றார் லிஃப்ட்காரர். சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது.

ராஜா நெருங்கி வந்தார். அந்தச் சபையில் முதன்முறையாக ஒருவர் மெல்லப் பேசினார்.

“அப்ப உனக்குத் தெரியும். என்னைக் கொல்றது யாரு?”

மெல்லச் சொன்னாலும் சபைக்குக் கேட்டுவிட்டது. ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். வேண்டாம், வேண்டாம் என்று அத்தனை கண்களும் கெஞ்சின. யாரைக் கை காட்டினாலும் அவர் செத்தார். தெரியாது என்று சொன்னால்... ஈட்டி முனை விலாவில் குத்திக்கொண்டிருந்தது.

“இங்க ஞாபகத்துக்கு வரல” என்றார். “மேல எழுதி வச்சிருக்கு. போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்.”

பொய். சரளமாக வந்தது.

ராஜா அவரை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு திரும்பி, சபையைக் கேட்டார்.

“இவனுக்கு ஆள் யாரு?”

அந்த அரண்மனையில் அதுதான் முறை. வெளியே போகிறவன் தனக்கு ஓர் ஆளை வாசலில் நிறுத்திவிட்டுப் போக வேண்டும். அண்ணன் போனால் தம்பி நிற்பான். மாமன் போனால் மருமகன். போனவன் வந்தால், நின்றவன் வீட்டுக்குப் போகலாம்.

“அவரு அந்நியம். ஆளுக்கு எங்க போவாரு?” வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல். எண்ணெய்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு விளக்குக்காரர் முன்னால் வந்தார். “நான் நிக்கிறேன்.”

“உனக்கு இவன் யாருடா?”

“என் ஏணியைப் பிடிச்சாரு.”

சபையில் சிலர் சிரித்தார்கள். விளக்குக்காரரும் கூடச் சிரித்தார்.

தாழ்வாரம் வழியாகத் திரும்பி வந்தபோது லிஃப்ட் திறந்தபடியே நின்றிருந்தது. விளக்குக்காரரை அதன் வாசலில் நிறுத்தினார்கள். இடது கையைக் கதவின் விளிம்பில் வைக்கச் சொன்னார்கள். அதற்குள் இரண்டு பேர் செங்கல் சுமந்து வந்தார்கள். ஒருவன் தரையில் உட்கார்ந்து சுண்ணாம்பு குழைக்க ஆரம்பித்தான். அவசரமே இல்லாமல், தினசரி வேலை போல. முதல் வரிசைச் செங்கல்லை விளக்குக்காரரின் பாதத்தைச் சுற்றி வைத்துப் பார்த்தான். அளவுக்கு.

அப்போதுதான் லிஃப்ட்காரருக்குத் தாழ்வாரத்துத் தூண்கள் புரிந்தன.

விளக்குக்காரருக்கு அது முன்பே தெரியும். அவர் அங்கேயே விளக்கு ஏற்றுகிறவர்.

“சீக்கிரம் வந்துடுங்க ஐயா” என்றார். “எனக்கு ஏறித்தான் பழக்கம். நின்னு பழக்கம் இல்ல.”

“இதோ வந்துடறேன்.”

கதவு மூட வந்தது. விளக்குக்காரரின் கையில் பட்டுத் திரும்பியது. மறுபடி வந்தது. திரும்பியது.

“கையை எடுங்க” என்றார் லிஃப்ட்காரர்.

“எடுத்தா மூடிக்குமே ஐயா?”

“மூடினாத்தான் போக முடியும்.”

அந்த ஆள் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு கையை எடுத்தார்.

லிஃப்ட்டுக்குள் ஒரு பலகை உண்டு. ‘ஆறு பேர்.’ அதைத் திருகு போட்டு மாட்டியதே லிஃப்ட்காரர்தான். கதவு மூடிக்கொண்டிருந்தபோது அதைப் பார்த்தார். கையை நீட்டி அந்த ஆளை உள்ளே இழுத்திருக்கலாம். ஒரு இழுப்புப் போதும். ஈட்டிக்காரர்கள் எட்டத்தில்தான் நின்றார்கள். அந்த நேரத்தில் தோன்றவில்லை என்று சொல்லிக்கொள்ளத்தான் அவருக்கும் ஆசை. தோன்றியது. அப்போதே தோன்றியது. இழுக்கப்போய்க் கதவு மூடாமல் போய்விட்டால்... என்றும் தோன்றியது.

லிஃப்ட் ஏறியது. காலுக்குக் கீழே கொத்துக் கரண்டி உரசும் சத்தம். சரக்... சரக்... ரொம்ப உயரம் வரைக்கும் கேட்டது.

தரைத்தளம். வாட்ச்மேனின் டீயில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

“அதுக்குள்ள சரியாயிடுச்சா சார்?”

லிஃப்ட் கதவு மூடவில்லை. திறந்தபடி காத்திருந்தது. உள்ளே, பட்டன்களுக்குக் கீழே, எண் எதுவும் இல்லாத இடத்தில் ஒரு சின்ன வெளிச்சம். அமுக்கினால் இறங்கும். அது அவருக்குத் தெரிந்தது.

மெயின் பெட்டி வரைக்கும் நடந்தார். கைப்பிடியைக் கீழே இழுத்தார். டப் என்றது.

“சரியாகாது” என்றார். “இனிமே இதை ஓட்டாதீங்க.”

மறுநாள் தூண் வேலைக்கு வந்தான். வேறொரு கட்டடம். மதியம் சாப்பிடும்போது அவனிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவனிடம் மட்டும்தான் அன்றைக்குச் சொன்னார். கேட்டுவிட்டு அவன் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்தான். சாயங்காலம் அவன் குழியில் இறங்குகிற முறை. இவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூண் ஒரு படி இறங்கினான். நிமிர்ந்து இவரைப் பார்த்தான். ஏறி வந்துவிட்டான்.

“நீங்க இறங்குங்கண்ணே” என்றான். “நான் நிக்கிறேன்.”

கோபமே இல்லாமல் சொன்னான். அடுத்த வாரம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது. லிஃப்ட்காரர் ஏறுகிற லிஃப்ட்டின் கதவு மூடாது. பாதி வரும்... எதிலோ பட்டது போலத் திரும்பிப் போகும். சென்சாரைத் துடைத்துப் பார்த்தார். புதிதாக மாற்றிப் பார்த்தார். அவர் வெளியே வந்துவிட்டால் மூடும். அவர் உள்ளே இருந்தால் மூடாது. கருகின திரி வாசனை வரும். கதவு விளிம்பில், தோள் உயரத்தில், எண்ணெய்ப் பிசுக்கு. துடைத்தால் போகும். மறுபடி வரும்.

தொழிலை விட்டார். எத்தனை மாடியானாலும் படியேறினார். மூட்டு வலிக்குது, டாக்டர்தான் நடக்கச் சொன்னார் என்று வீட்டில் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் காரணம் சொன்னார்.

போன வருஷம் அவர் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன். அவசரம். ஆஸ்பத்திரியில் தியேட்டர் ஐந்தாம் மாடி. ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். இவர் லிஃப்ட் வாசலிலேயே நின்றுவிட்டார். மனைவி அவர் விரலை விடவில்லை.

“கூட வாங்க” என்றாள். “பயமா இருக்கு.”

ஏறினார்.

நர்ஸ் பட்டனை அமுக்கினாள். கதவு பாதி வந்தது. திரும்பிப் போனது. மறுபடி அமுக்கினாள். வந்தது... போனது.

“ஏங்க, நீங்க லிஃப்ட்காரராச்சே” என்றாள் மனைவி. உதடு உலர்ந்திருந்தது. “என்னன்னு பாருங்களேன்.”

அவர் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். டெட்டால் வாசனைக்கு அடியில் மெல்ல அந்த வாசனை வந்தது. திரி... ஈரச் சுண்ணாம்பு. அவருடைய வலது தோள் சில்லென்று நனைந்தது.

கதவு வந்தது. போனது.

நர்ஸ் வெளியே எட்டிப் பார்த்தாள். யாரிடமோ கையை எடுக்கச் சொல்லி சைகை காட்டினாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

“சார், ஒருத்தர் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. கொத்து வேலைக்காரர் போல, நெஞ்சு வரைக்கும் சுண்ணாம்பு. சொன்னாக் கேக்க மாட்டேங்கறாரு, உங்களையேதான் பாக்கறாரு... உங்க ஆளா சார்?”