சோற்றை விட்டவர்

பிள்ளைகளா, கிள்ளானிலிருந்து வந்த காலை ரயிலில் என் எதிரே இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் ஜிம்மில் பயிற்சி கொடுக்கும் இளைஞர். மற்றவர் தொப்பை வைத்த லோரி ஓட்டுநர்.

“சோத்த விட்டு ரெண்டு மாசம் ஆச்சு மாஸ்டர். எடை எறங்கவே மாட்டேங்குது.”

“அப்ப காலையில என்னண்ணே சாப்புடுறீங்க?”

“ஒண்ணும் இல்ல லா. ரொட்டி சானாய், மூணே மூணு.”

“ஐயோ அண்ணே! அது மைதா. சோறு மாதிரியே ரத்தத்துல சக்கரைய வேகமா ஏத்தும். மெதுவா ஏத்துறதா பாத்து சாப்புடுங்க. பருப்பு, கொண்டக்கடல அந்த மாதிரி.”

ஓட்டுநர் தொப்பையைத் தட்டிக்கொண்டார்.

“எடையும் சக்கரையும் எறங்கினாத்தான் என் கிட்னிய பொண்டாட்டிக்கு வைப்பாங்களாம். வாரத்துல மூணு நாள் மெஷின்ல கெடக்குறா. அவளும் நானும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து வாழ எலையில சாப்பாடு சாப்புடணும் மாஸ்டர். அது போதும்.”



“கடலைய ராத்திரியே ஊறப் போடணுமா?” என்று ஓட்டுநரே தொடர்ந்து கேட்டார்.

உங்கள் அம்மா எனக்குக் கட்டித்தரும் சாப்பாட்டை வேலையிடத்தில் யாருக்காவது கொடுத்துவிட்டுக் கடையில் சாப்பிடுவது என் வழக்கம். அன்று மதியம் தனியாக உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.